தாத்தா மேசையில் பெயின்ட் புள்ளி: பொலிஷ் போகாமல் எடுப்பது எப்படி?

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பரா (வரிசை வீட்டு அறை) 10 அடிக்கு 12 அடி. அதற்குள் கட்டில், அலுமாரி, டிவி, சாமிப்படம், ஆறு பேர். தீபாவளிக்குச் சுவருக்குப் பெயின்ட் அடிக்க வேண்டுமென்றால் தாத்தா காலத்து மேசையை எங்கே கொண்டுபோய் வைப்பது? இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், வைத்தால் ஐப்பசி மழைச் சாரல். சரி, மேலே ஒரு பழைய சேலையைப் போர்த்திவிட்டு அடித்துவிடலாம் என்று தொடங்குவோம். பாதி வேலையில் சேலை சரிந்துவிடும். மறுநாள் பார்த்தால் மேசை முழுக்கப் புள்ளி.

எங்கள் வீட்டில் இருப்பது கணக்கப்பிள்ளை மேசை. தாத்தா அதில்தான் செக்ரோல் (தொழிலாளர் வரவுப் பதிவேடு) எழுதினார். சரிந்த மூடி, உள்ளே இரண்டு லாச்சி (இழுப்பறை), முழுக்கப் பலா மரம். அதன் மேல் மூன்று தீபாவளியின் நிறம் இருந்தது: வெள்ளை, இளநீலம், ஒரு வருடம் மட்டும் ஏனோ பச்சை. அவற்றை எடுக்கப் பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆனால் நான் முதலில் கைவைத்தது இந்த மேசையில் இல்லை, அப்பாயியின் கண்ணாடிச் சட்டத்தில். சுவருக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர் விட்டுப்போன தின்னர் போத்தலை எடுத்து, துணியில் ஊற்றி, நன்றாகத் தேய்த்தேன். துணி காப்பி நிறமானது. எத்தனை வருடத்து அழுக்கு வருகிறது என்று சந்தோஷப்பட்டேன். வந்தது அழுக்கில்லை, பொலிஷ். பெயின்ட் புள்ளி அங்கேயே இருந்தது. அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு மரம் வெளுத்துப் போயிருந்தது.

பிறகு ஹட்டன் பக்கம் ஒரு வயதான தச்சுப் பாஸிடம் (மேஸ்திரியிடம்) அந்தச் சட்டத்தைக் கொண்டுபோனேன். பார்த்துவிட்டு, "தம்பி, புள்ளி பொலிசுக்கு மேல ஒக்காந்திருக்கு. நீங்க கீழ இருக்கிறத தொடைச்சிட்டீங்க" என்றார். இந்த வேலையில் புரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவுதான். சுவருக்கு அடித்த பெயின்ட் பொலிஷ் போட்ட மரத்துக்குள் இறங்குவதில்லை. மேலே ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. பொலிஷை விட்டுவிட்டுப் புள்ளியை மட்டும் கிளப்ப வேண்டும். இரண்டையும் கரைக்கிற எதையும் எடுத்த எடுப்பில் கையில் எடுக்கக்கூடாது.

கை வைக்கும் முன்

முதலில், எல்லாப் பெயின்ட்டும் வேண்டாத பெயின்ட் இல்லை. பழைய தேயிலைப் பெட்டி உங்களிடம் இருந்தால் கவனமாகப் பாருங்கள். கடதாசிச் சாக்கு வருவதற்கு முன் தேயிலை கப்பலேறியது பிளைவுட் பெட்டியில்தான். உள்ளே ஈயத்தாள் மாதிரி அலுமினியத் தாள், ஓரங்களில் தகரப் பட்டை. பெட்டியின் முகத்தில் தோட்டத்தின் பெயர், பிஓபி மாதிரித் தூள் வகை, நிறை எல்லாம் அச்சுத் தகடு வைத்துக் கறுப்பில் அடித்திருக்கும். அந்த எழுத்து போனால் மிஞ்சுவது வெறும் பலகைப் பெட்டி. அதன் மேல் தெறித்த வெள்ளைப் புள்ளியை எடுக்கப்போய் தோட்டத்தின் பெயரை அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுத்தின் மேலேயே விழுந்த புள்ளியை விட்டுவிடுங்கள். பிளைவுட்டின் மேல்தாள் மிக மெல்லியது என்பதால் தேயிலைப் பெட்டியைத் தேய்க்கவும் கூடாது, ஊற வைக்கவும் கூடாது.

அப்புறம் ஈயம். இலங்கையில் பெயின்ட்டில் ஈயத்துக்குச் சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். அதற்கு முந்தைய எனாமலில் (கதவு ஜன்னலுக்கு அடிக்கிற பளபளப்புப் பெயின்ட்), முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய புள்ளியைக் காய்ந்த நிலையில் சேண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் காற்றில் கலந்துவிடும். சிறு பிள்ளைகளுக்கு அது மூளையைப் பாதிக்கிற நஞ்சு. சுரண்டும் இடத்தை ஈரப்படுத்திக்கொள்ளுங்கள், கீழே பேப்பர் விரியுங்கள், மாஸ்க் போடுங்கள். விழுந்த துகளைக் கூட்டாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். வேலை முடியும்வரை பிள்ளைகள் பக்கத்தில் வரக்கூடாது.

இன்னொரு ஆபத்து நம் வீடுகளுக்கே உரியது. குளிருக்குக் கதவு ஜன்னலைச் சாத்திவைத்திருப்போம். ஒரு மூலையில் விறகடுப்பு, மறு மூலையில் சாமி விளக்கு. ஸ்பிரிட், தின்னர், டர்பன்டைன் எல்லாவற்றின் ஆவியும் தீப்பற்றும். குளிர்ந்தாலும் பரவாயில்லை, இஸ்தோப்பில் வைத்து வேலை செய்யுங்கள்.

பொலிஷ் என்ன என்று பார்ப்பது

முதலில் மேசையைத் துடையுங்கள். லயத்து வீட்டுச் சாமான் மேல் அடுப்புப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து தனியாக ஒரு தோல் மாதிரி இருக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றுங்கள். இதிலேயே சில புள்ளிகள் போய்விடும். அவை பெயின்ட்டே இல்லை, பல்லி எச்சம்.

பிறகு லாச்சியின் பின்பக்கம், மேசைக்கால் உள்பக்கம் மாதிரிக் கண்ணில் படாத ஓரிடம் பாருங்கள். ஆனால் அங்கே வெளியில் இருக்கிற அதே பொலிஷ் இருக்க வேண்டும். காது குடையும் பஞ்சுக் குச்சியை மெதிலேட்டட் ஸ்பிரிட்டில் நனைத்து அங்கே வைத்து அரை நிமிடம் காத்திருங்கள். இடம் பிசுபிசுத்து, குச்சியில் பழுப்பு நிறம் வந்தால் அது அரக்கு, அதாவது பிரெஞ்ச் பொலிஷ். துரை பங்களாவிலிருந்து வந்த பழைய சாமான்களில் இதைத்தான் அதிகம் பார்க்கலாம். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு மட்டும் கரைந்தால் லக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் எண்ணெய் வார்னிஷ் அல்லது பிற்காலத்தில் யாரோ அடித்த பொலியூரிதீன். டர்பன்டைன் தொட்ட துணியில் மஞ்சளாக வழுவழுவென்று ஏதாவது வந்தால் மேலே மெழுகும் இருக்கிறது. சொட்டுத் தண்ணீர் விட்ட உடனே மரம் குடித்துக் கருத்தால் அங்கே பொலிஷே இல்லை.

இந்த ஐந்து நிமிட வேலையை நான் முதலிலேயே செய்திருந்தால் அப்பாயியின் கண்ணாடிச் சட்டம் தப்பித்திருக்கும்.

புள்ளி என்ன என்று பார்ப்பது

பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான். மங்கலாக இருந்து, நகத்தால் அழுத்தினால் ரப்பர் மாதிரி லேசாகக் கொடுக்கிறதென்றால் சுவருக்கு அடிக்கிற இமல்ஷன். பளபளவென்று கண்ணாடி மாதிரி இறுகி இருந்தால் கதவு ஜன்னலுக்கு அடிக்கிற எனாமல். தொட்டால் விரலில் மாவாக ஒட்டினால் சுண்ணாம்பு. வீட்டில் எந்த வருடம் எதை அடித்தார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

சுரண்டுவதுதான் வேலை

கடையில் போத்தல் வாங்குவதற்கு முன் சுரண்டிப் பாருங்கள். என் கணக்கில் பத்துப் புள்ளியில் ஆறேழு இதிலேயே போகும்.

முதலில் நகம். அடுத்து மூங்கில். ஒரு துண்டு மூங்கிலை ஐஸ்கிரீம் குச்சி அகலத்துக்குச் சீவி, நுனியை உளி மாதிரிச் சரித்துக்கொள்ளுங்கள். பெயின்ட்டுக்குக் கடினம், பொலிஷுக்கு மென்மை என்று நடுவில் நிற்கிற சாமான் அது. மழுங்கினால் மறுபடி சீவலாம், காசு இல்லை. பழைய ஏடிஎம் கார்டும் உதவும். புள்ளியின் நடுவில் குத்த வேண்டாம். ஓரத்தில் நுனியைச் சொருகி, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தள்ளுங்கள். குறுக்கே தள்ளினால் கீறல் விழும். பழைய எனாமல் புள்ளி இப்படித் தள்ளும்போது பொட்டு மாதிரி முழுதாகக் கழன்று வரும். அதில் கிடைக்கிற திருப்தியைச் சொல்லி விளக்க முடியாது, செய்து பாருங்கள்.

அசையாத தடித்த புள்ளிக்குப் பாஸ் ஒரு வித்தை காட்டினார். கட்டர் கத்தியின் பிளேட்டை வெளியே எடுத்து, அதன் இரண்டு முனையிலும் செலோடேப்பை ஒரு சுற்றுச் சுற்றினார். நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் கூர் திறந்திருந்தது. இப்போது பிளேட்டை மேசையில் வைத்தால் டேப் சுற்றிய முனைகள்தான் பொலிஷைத் தொடும். நடுக்கூர் டேப்பின் கனத்துக்கு மேலே நிற்கும், ஒரு மயிரிழை. பிளேட்டை ஏறக்குறைய நிமிர்த்திப் பிடித்து மெதுவாக உங்கள் பக்கம் இழுத்தால் மேடாக நிற்கிற பெயின்ட் மட்டும் சீவிக்கொண்டு வரும். பொலிஷுக்குச் சமமாக வந்ததும் கூர் எதையும் தொடாது, தானாகவே வேலை நின்றுவிடும். மிஞ்சுவது மெல்லிய ஒரு நிழல். இது சமதளத்துக்கு மட்டும்தான் சரிவரும். கடைந்த கால், செதுக்கிய பூவில் பிளேட்டைக் கொண்டுபோகாதீர்கள், விரலும் போகும் பூவும் போகும்.

இதெல்லாம் அவசரத்தில் நடக்காது. ஒரு நாளைக்கு ஒரு சாண் இடம் என்று வைத்துக்கொண்டேன். மேசை முடிய மூன்று வாரம் ஆனது.

சுரண்டியும் போகாதவை

இமல்ஷனுக்கு முதலில் எண்ணெய். ஹாட்வெயாரில் கிடைக்கிற லின்சீட் ஒயிலில் பஞ்சை நனைத்துப் புள்ளியின் மேல் பத்து நிமிடம் வையுங்கள். பெயின்ட் கொஞ்சம் இளகும், மூங்கிலும் வழுக்கிக்கொண்டு போகும். எல்லாப் புள்ளிக்கும் இது பலிக்காது, ஆனால் அரக்குக்குக் கெடுதல் இல்லை. தேங்காய் எண்ணெய் போடலாமா என்று கேட்பார்கள். அது காய்கிற எண்ணெய் இல்லை. மரத்தில் நின்றால் பிசுக்காகித் தூசி பிடிக்கும், நாளாக நாளாகச் சிக்கு வாடை வரும். வேறு வழியில்லாமல் போட்டால் அன்றைக்கே முழுவதும் துடைத்துவிடுங்கள்.

எண்ணெய்க்கு மசியாத இமல்ஷனை ஸ்பிரிட் இளக்கும். சிக்கல் என்னவென்றால் அரக்கையும் அதே ஸ்பிரிட்தான் கரைக்கும். அதனால் முன்னே செய்த சோதனையில் அரக்கு என்று தெரிந்தால் ஸ்பிரிட்டை அங்கே கொண்டுபோக வேண்டாம். வெதுவெதுப்பான ஈரப்பஞ்சை நாலைந்து நிமிடம் வைத்து எடுத்து, உடனே சுரண்டி, உடனே துடையுங்கள். அதற்கு மேல் வைத்தால் அரக்கு வெள்ளை பூக்கும். வார்னிஷ், பொலியூரிதீன் மேல் என்றால் பயமில்லை. பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டுப் புள்ளியின் மேல் மட்டும் உருட்டுங்கள். தேய்க்காமல் உருட்டினால் கரைந்த பெயின்ட் குச்சியோடு வந்துவிடும். ஒரு உருட்டுக்கு ஒரு குச்சி. அழுக்கான குச்சியை மறுபடி உபயோகித்தால் புள்ளி பரவிக் கறையாகிவிடும்.

எனாமல் விழுந்து ஒன்றிரண்டு நாள்தான் ஆகிறதென்றால் டர்பன்டைனில் துடைத்தாலே போகும். அரக்கையும் வார்னிஷையும் டர்பன்டைன் ஒன்றும் செய்யாது, மெழுகு இருந்தால் அது மட்டும் போகும். ஆனால் வருடக்கணக்காக இறுகிய எனாமலுக்கு டர்பன்டைன் வெறும் தண்ணீர். அதற்குப் பிளேட் வித்தைதான். பெயின்ட் ரிமூவர் போடச் சொல்கிறவர்கள் உண்டு. அது புள்ளியோடு பொலிஷையும் எடுத்துவிடும். முழு மேசையையும் புதிதாகப் பொலிஷ் போடுகிற எண்ணம் இருந்தால் ஒழிய அந்த டின்னைத் திறக்காதீர்கள். அதன் ஆவியும் லேசுப்பட்டதில்லை.

சுண்ணாம்புதான் இருப்பதிலேயே சுலபம். காய்ந்த பல்துலக்கும் பிரஷால் முதலில் மாவைத் தட்டிவிடுங்கள். மிச்சத்துக்கு ஒரு பங்கு வினாகிரிக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து, பஞ்சுக் குச்சியில் தொட்டு வையுங்கள். நுரைத்துக் கரையும். நல்ல தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து உடனே காயவிடுங்கள். பொலிஷ் இல்லாத பலாவிலும் தேக்கிலும் சுண்ணாம்பு கிடந்த இடம் கருத்துப் போயிருக்கலாம். அந்தக் கறுப்பு வினாகிரிக்கு முழுதாகப் போகாது. மேலும் மேலும் தேய்த்துக் குழி ஆக்காதீர்கள்.

வினாகிரி வைத்த அன்றைக்கு ஸ்டீல் வூல் பக்கம் போகவே கூடாது. இரும்பும் புளிப்பும் சேர்ந்து மரத்திலுள்ள துவர்ப்பைத் தொட்டால் மரம் மை மாதிரிக் கறுக்கும். பிளேன்ரீயில் (பால் விடாத தேநீரில்) இரும்பு ஆணியைப் போட்டு வைத்துப் பாருங்கள், அதே கறுப்புதான்.

கடைசியாக, மரக்கண்களில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளை மிஞ்சும். பல்குத்தும் குச்சியை நுனி மென்று பிரஷ் மாதிரி ஆக்கி, பொலிஷுக்கு ஏற்றது எதுவோ அதைத் தொட்டுக் கிண்டலாம். அதற்கும் வராவிட்டால் பழுப்புக் கலர் பென்சிலால் ஒரு குத்து. ஏமாற்று வேலைதான், ஆனால் ஓரடி தள்ளி நின்றால் யாருக்கும் தெரியாது.

மங்கிய இடத்தைச் சரிசெய்வது

புள்ளி போன இடம் சுற்றிலும் உள்ளதைவிட மங்கலாகவோ, சில சமயம் கூடுதல் பளபளப்பாகவோ நிற்கும். எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு, 0000 இலக்க ஸ்டீல் வூலில் தேன்மெழுகுப் பொலிஷைக் கொஞ்சம் தொட்டு, ரேகைத் திசையில் இறகு மாதிரி இழுங்கள். அந்த இலக்கம் முக்கியம். பாத்திரம் விளக்குகிற முரட்டு ரகம் வேண்டாம். அந்த இடத்தை மட்டும் செய்தால் திட்டாகத் தெரியும், அந்தப் பலகை முழுவதற்கும் ஒரு கை போடுங்கள். அரை மணி நேரம் விட்டுப் பழைய பருத்தித் துணியால் மினுக்குங்கள்.

பொலிஷே போய் மரம் வெளுத்த இடத்துக்கு நான் போட்டது தேயிலை. டஸ்ட் தூளைக் கரி மாதிரிக் கொதிக்கவைத்து வடித்து, ஆறவிட்டு, மெல்லிய பிரஷால் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. நிறம் ஓரளவு இறங்கும். அதன் மேல் அரக்கு. அப்பாயியின் கண்ணாடிச் சட்டம் இப்போது முழுதாகத் திரும்பவில்லை என்றாலும் பார்க்கச் சகிக்கும்.

அரக்கு பூசுவதற்கு நாள் பார்க்க வேண்டும், பஞ்சாங்கத்தில் இல்லை, வானத்தில். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் பக்கத்தில் மூடுபனி அறைக்குள்ளேயே வரும். ஸ்பிரிட் ஆவியாகும்போது மரத்தின் மேல்பரப்பு குளிர்கிறது, ஈரக்காற்று அதில் படிகிறது, அரக்கு பால் மாதிரி வெளுத்துவிடுகிறது. காற்று காய்ந்து, தேயிலைக்கு மணம் ஏறுகிற மாதம்தான் அரக்குக்கும் ஏற்ற மாதம். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை. பண்டாரவளை, பதுளைப் பக்கம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. அப்படியும் காலை பத்து மணிக்கு முன் தொடங்காதீர்கள்.

லின்சீட் ஒயில் தொட்ட துணிகளை உருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். இது கதையில்லை. அந்த எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிவருகிறது, சுருட்டிய துணிக்குள் அது போக வழியில்லை. கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய டின்னில் அமிழ்த்தி வையுங்கள்.

அடுத்த தீபாவளிக்கு மேசையை மூடச் சேலை வேண்டாம், அதில் பெயின்ட் ஊறி இறங்கும். நேரடியாகப் பொலித்தீனும் வேண்டாம், உள்ளே வியர்த்துப் பொலிஷ் வெளுக்கும். முதலில் ஒரு பழைய பெட்ஷீட், அதற்கு மேல் பொலித்தீன், நாலு காலையும் சுற்றி ஒரு கயிறு. பெயின்ட் அடித்து முடிந்த அன்றைக்கே, சொட்டு ஈரமாக இருக்கும்போதே, டோர்ச் லைட்டைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் தப்பித்து விழுந்த புள்ளி எல்லாம் நிழலோடு தெரியும். இமல்ஷன் என்றால் அப்போது ஈரத்துணி ஒன்றே போதும்.